வலி நெற்றிப்பொட்டில், முடிச்சு தோளில்: தசை முடிச்சைக் கண்டுபிடித்துத் தளர்த்துவது எப்படி?

நூல்கண்டு (தொடக்கப் பதிவு)

அனைவருக்கும் வணக்கம். நான் திருப்பூரில் 26 ஆண்டுகளாகத் தையல் எந்திரத்தின் முன் உட்கார்ந்து வேலை பார்ப்பவன், வயது 52. எட்டு மாதங்களாக, பிற்பகல் மூன்று மணி வாக்கில், வலப்பக்க நெற்றிப்பொட்டிலும் காதுக்குப் பின்னாலும் ஒரு வலி தவறாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கண்ணாடியை மாற்றினேன், தலைவலி மாத்திரை போட்டேன், சைனஸாக இருக்கும் என்று ஒருவர் சொன்னதால் ஆவி பிடித்தேன். எதுவும் இரண்டு நாளைக்கு மேல் தாங்கவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை முடி திருத்தும் கடையில், வழக்கம்போலத் தலையைத் தட்டித் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தவர், வலத்தோளில் ஓரிடத்தில் விரலை ஊன்றியதும் நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். வியப்பு என்னவென்றால், அவர் அழுத்தியது தோளை, வலித்தது நெற்றிப்பொட்டு. எட்டு மாதமாக எனக்குப் பழகிப்போன அதே வலி. "வாயு கட்டியிருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு அவர் கழுத்தில் நெட்டி முறிக்கப் போனார். நான் வேண்டாம் என்று தடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் அந்த இடத்தைப் பிடித்துவிடச் சொன்னால் அவருக்கு அகப்படவில்லை. "எங்கே தொட்டாலும் கல்லு மாதிரிதான் இருக்கிறது" என்கிறார். தோளில் இருக்கும் முடிச்சு தலையில் வலிக்குமா? வலிக்கும் என்றால் அதை எப்படித் தேடிப் பிடிப்பது, எவ்வளவு அழுத்துவது? விவரம் அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

மதுரை இயன்முறை

வணக்கம் ஐயா. நான் இயன்முறை மருத்துவர்; இந்தக் கேள்வி என் அறைக்கு வாரத்தில் நான்கைந்து முறையாவது வருகிறது. ஆனால் முடிச்சுக்குள் இறங்குவதற்கு முன் நீங்கள் சிலவற்றைச் சொல்ல வேண்டும். சாப்பாட்டை மெல்லும்போது தாடை களைத்துப்போய் வலிக்கிறதா? தலை வாரும்போது அந்தப் பக்கத்துத் தோல் சீப்புப் படவே விடாமல் நோகிறதா? பார்வை சிறிது நேரம் மங்கித் திரும்புகிறதா? ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குப் புதிதாக வரும் நெற்றிப்பொட்டு வலிக்கு, அங்கே ஓடும் தமனியின் அழற்சியும் ஒரு காரணமாக இருக்கலாம். அரிதுதான், ஆனால் கவனிக்காமல் விட்டால் பார்வையையே பறித்துவிடும். ஆகவே ஒரு மருத்துவரைப் பார்த்து, உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரண்டு இரத்தப் பரிசோதனைகளையும் முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.

அது சரியாக இருந்தால், உங்கள் பதிவில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது, தோளை அழுத்தியதும் உங்களுடைய வழக்கமான வலி அப்படியே கிளம்பியது என்ற செய்திதான். யாரை எங்கே அழுத்தினாலும் ஏதோ ஓரிடத்தில் நோகத்தான் செய்யும். "இதுதான், நான் சொன்ன வலி இதேதான்" என்று நோயாளி அடையாளம் காட்டும் இடமே நாம் தேடும் இடம். கழுத்திலிருந்து தோள்முனை வரை ஓட்டு வீட்டுக் கூரைபோலச் சரிந்து இறங்கும் தசைக்கு டிரபீசியஸ் என்று பெயர். அதன் மேற்பகுதியில் உள்ள முடிச்சு, கழுத்தின் பக்கவாட்டில் ஏறி, காதுக்குப் பின்னால் வளைந்து, நெற்றிப்பொட்டில் போய் வலிப்பது எங்களுக்கு நன்கு பழகிய பாதை.

வலி இடம் மாறித் தெரிவது கற்பனை அன்று. லண்டனில் கெல்கிரென் என்ற மருத்துவர், தமக்கும் தன்னார்வலர்களுக்கும் தசைக்குள் அடர்ந்த உப்புக் கரைசலைச் சிறிதளவு ஊசியால் செலுத்தி, குத்திய இடத்துக்குத் தொலைவில் வலி உணரப்படுவதை 1938-இல் பதிவு செய்தார். தசையிலிருந்து வரும் செய்தியும் வேறோர் இடத்திலிருந்து வரும் செய்தியும் நரம்பு மண்டலத்தில் ஒரே கூட்டத்தைச் சேர்ந்த அணுக்களில் வந்து கலப்பதால், மூளை முகவரியைத் தவறாகப் படித்துவிடுகிறது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

இனித் தேடும் முறை. உங்கள் மனைவிக்கு எல்லாமே கல்லாகத் தெரிந்ததற்குக் காரணம், நீங்கள் தோளைத் தளர்த்தாமல் உட்கார்ந்திருந்ததாக இருக்கலாம். சாய்வுள்ள நாற்காலியில் உட்கார்ந்து, வலக்கையை மடியில் தலையணை வைத்து அதன்மேல் கிடத்துங்கள். கை தொங்கினால் அதன் எடையே தசையை விறைக்க வைத்துவிடும். தலையை வலத்தோள் பக்கமாகச் சற்றே சாயுங்கள். பிறகு இடக்கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து, கட்டைவிரல் முன்னும் மற்ற விரல்கள் பின்னுமாக அந்தச் சரிவின் விளிம்பைக் கவ்வி, எலும்பிலிருந்து விலக்கிச் சற்றே தூக்கி, விரல்களுக்கு நடுவே மெல்ல உருட்டுங்கள். தசைநாரின் போக்கிலேயே தடவினால் ஒன்றும் தெரியாது. நாருக்குக் குறுக்கே உருட்டும்போதுதான், மெத்தென்ற சதைக்கு நடுவில் முறுக்கிய கயிறுபோல ஒன்று விரலுக்கு அடியில் நழுவி ஓடும். அந்தக் கயிற்றின் நீளம் முழுவதும் அரை விரற்கடைக்கு ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஓரிடத்தில் பாசிப்பயறோ பட்டாணியோ அளவுக்கு ஒரு தடிப்பு இருக்கும். அங்கே தொட்டால் நெற்றிப்பொட்டு பதில் சொல்லும். சிலருக்கு அந்தக் கயிற்றைச் சுண்டினால் தசை தானாக ஒருமுறை வெட்டித் துடிக்கும்.

அகப்பட்டபின் நசுக்காதீர்கள். வலியைப் பத்துக்கு மதிப்பிட்டால் ஐந்தோ ஆறோ வரும் அளவுக்கு அழுத்தி, மூச்சைச் சீராக விட்டபடி 30 முதல் 60 நொடி வரை பிடித்திருங்கள். வலி கொஞ்சம் இறங்குவதும் விரலுக்கு அடியில் சதை இளகுவதும் தெரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டாலோ பல்லைக் கடித்தாலோ அழுத்தம் அதிகம் என்று பொருள். இப்படி மூன்று முறை. ஒரு நாளைக்கு இரண்டு வேளை. ஓரிடத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முடிந்ததும் தலையை எதிர்ப்பக்கம் மெல்லச் சாய்த்து நீட்டிவிடுங்கள்.

நெட்டி முறிப்பதைத் தடுத்தீர்களே, அது மிக நல்ல காரியம். கழுத்தைத் திடீரென்று திருகும்போது, எலும்புத் துளைகளின் வழியே மூளைக்கு ஏறும் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நேர்வுகள் மருத்துவ ஏடுகளில் உண்டு.

நெடுஞ்சாலை

ஐயா எழுதியதைப் படித்ததும் என் கதையையும் சொல்லத் தோன்றுகிறது. நான் லாரி ஓட்டுகிறவன். நாமக்கல்லிலிருந்து வடக்கே போனால் திரும்ப இருபது நாள் ஆகும். இடது பிட்டத்தில் தொடங்கி, தொடையின் வெளிப்புறமாக இறங்கிக் கெண்டைக்கால் வரை ஒரு குடைச்சல். எல்லாரும் சயாடிக்கா, அதாவது முதுகில் நரம்பு நசுங்கிக் காலில் இறங்கும் வலி என்றார்கள். வழியில் ஒரு நாள் வலி தாங்காமல், கிளீனர் பையனை ஏறி மிதிக்கச் சொன்னேன். அந்த நேரத்துக்குச் சொர்க்கமாக இருந்தது. மறுநாள் காலையில் பிட்டத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போய்க் கருநீலமாகக் கிடந்தது; கிளட்சை மிதிக்க முடியாமல் ஒன்றரை நாள் வண்டியை ஓரங்கட்டினேன். நட்டம் எனக்குத்தான்.

பிறகு ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் முதுகில் நரம்பு நசுங்கவில்லை என்றார்கள். ஒரு பெரியவர் என் பின்பாக்கெட்டில் இருந்த பர்ஸை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். லைசென்ஸ், ஆர்.சி. நகல், டோல் ரசீதுகள் என்று செங்கல் கனத்துக்கு இருந்தது. பத்து மணி நேரம் அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்தால் வலிக்காமல் என்ன செய்யும் என்று கேட்டார். பர்ஸை முன்பாக்கெட்டுக்கு மாற்றியதில் பாதி குறைந்தது. மீதிப் பாதிக்கு என்ன செய்யலாம்?

மதுரை இயன்முறை

அண்ணன், பிட்டத்தின் ஆழத்தில், இடுப்பெலும்பின் வெளிப்புறத்தில் குளூட்டியஸ் மினிமஸ் என்ற சிறிய தசை ஒன்று உண்டு. அதன் முடிச்சு சயாடிக்காவைப்போலவே காலின் வெளிப்புறமாக இறங்கி வலிக்கும். எனினும் பாதத்தைத் தூக்க முடியாமல் தடுக்கினாலோ, இரு தொடைகளுக்கு நடுவில் மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிப்பதில் கட்டுப்பாடு குறைந்தாலோ, ஸ்கேன் சரியாக இருந்தது என்று சும்மா இருந்துவிடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அவை எதுவும் இல்லை என்றால் ஒரு டென்னிஸ் பந்து போதும். சுவரோரமாகப் பக்கவாட்டில் நின்று, கால்சட்டையின் பக்கத் தையலுக்குச் சற்றுப் பின்னால், இடுப்பெலும்பு விளிம்புக்கு நான்கு விரல் கீழே பந்தை வைத்துச் சுவரில் சாயுங்கள். பந்து நழுவாமலிருக்க அதை ஒரு காலுறைக்குள் போட்டு நுனியைக் கையில் பிடித்துக்கொள்ளலாம். முழங்காலை மெல்ல மடக்கி நிமிர்த்தினால் பந்து தானாக உருண்டு முடிச்சைத் தேடும். முழு எடையையும் அதன்மேல் போடாதீர்கள். பிட்டத்தின் நடுப்பள்ளத்தில் சயாடிக் நரம்பு ஓடுவதால், காலில் மின்சாரம் பாய்ந்ததுபோல் இருந்தால் உடனே இடத்தை மாற்றுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி ஐம்பது அடி நடப்பது, பந்தைவிட அதிகம் உதவும்.

குமரித் தைலம்

சித்த மருத்துவத்தில் பட்டம் பெற்று நாகர்கோவில் பக்கம் பணிபுரிகிறேன். நண்பர் விளக்கியது எங்களுக்குப் புதியதன்று. தொக்கணம் என்று நாங்கள் சொல்லும் மருத்துவத்தில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகை உண்டு. தையற்காரர் ஐயாவுக்குச் சொன்னது இவற்றில் பிடித்தலும் அழுத்தலும்தான்.

ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். நம் வீடுகளில் வலி என்றதும் தைலப்புட்டியைத் திறந்துவிடுகிறோம். எண்ணெய் தடவிய தோளைக் கவ்விப் பிடிக்க முடியாது, விரல் வழுக்கும், முடிச்சும் அகப்படாது. ஆகவே உலர்ந்த தோலில் தேடி, உலர்ந்த தோலிலேயே அழுத்திவிட்டு, அதன்பின் வெதுவெதுப்பான நல்லெண்ணெய் தடவிக் கழுத்திலிருந்து தோள்முனை நோக்கி ஒரே திசையில் பத்துப் பன்னிரண்டு முறை நீவிவிட வேண்டும். கடைசியாகக் கல் உப்பையோ தவிட்டையோ வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்கலாம். முடிப்பை உங்கள் முன்கையில் வைத்துச் சூடு பார்த்த பிறகே அடுத்தவர் தோளில் வைக்க வேண்டும். நீரிழிவால் தோலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூட்டு ஒத்தடமே வேண்டாம். கொப்புளம் வந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரியும்.

கழுத்தின் முன்புறத்திலும் பக்கவாட்டில் நாடி துடிக்கும் இடத்திலும் யாரும் விரலை ஊன்ற வேண்டாம். அங்கே வர்மப் புள்ளிகள் இருப்பதாக எங்கள் ஆசான்கள் எச்சரிப்பார்கள். உடற்கூறு படித்தவர்கள், மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி அங்கே ஓடுகிறது என்பார்கள்.

சான்று எங்கே

எல்லாரும் முடிச்சை நேரில் பார்த்ததுபோல் எழுதுகிறீர்கள். மருந்தியல் கற்பிப்பவன் என்ற முறையில் சில கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது. 1843-இல் ஃப்ரோரிப் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதைத் தசைக்காய்ப்பு என்றார். 1904-இல் கவர்ஸ் என்ற ஆங்கிலேயர் நார்த்திசுவின் அழற்சி என்று நினைத்து ஃபைப்ரோசைட்டிஸ் என்றார், அப்படி ஓர் அழற்சி இருப்பது உறுதிப்படவே இல்லை. பிறகு டிராவல் என்ற அமெரிக்க மருத்துவ அம்மையார் டிரிக்கர் பாயின்ட், அதாவது வலியைத் தூண்டும் புள்ளி என்றார். பெயர் மாறிக்கொண்டே இருக்கிறது. பொருள் என்னவென்று இன்றுவரை ஒருமனதான முடிவு இல்லை. விரலால் தடவி முடிச்சைக் கண்டறியும் முறை நம்பத்தக்கது என்று பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என 2009-இல் வந்த தொகுப்பாய்வு ஒன்று முடித்தது. 2015-இல் ரூமட்டாலஜி என்ற மருத்துவ இதழில் மூவர், இந்தக் கோட்பாட்டையே கைவிட வேண்டும் என்ற அளவுக்கு வாதிட்டார்கள். வலி என்பது ஏறும், தானாக இறங்கும். இறங்கும் நேரத்தில் யார் கைவைத்தாலும் அவருக்குப் பெயர் கிடைக்கும்.

மதுரை இயன்முறை

உங்கள் கேள்விகள் நியாயமானவை. இரண்டு கட்டுரைகளும் நான் படித்தவையே. தசையில் ஓரிடத்தில் நுண்ணிய இழைகள் சுருங்கியபடியே நின்று, தம் இரத்த ஓட்டத்தைத் தாமே நெரித்து, சுருக்கத்தை விடுவிக்கத் தேவையான ஆற்றல் கிடைக்காமல் சிக்கிக்கொள்கின்றன என்பது ஒரு கருதுகோள். நிறுவப்பட்ட உண்மை என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தில் மெல்லிய ஊசிக்கருவியால் அந்த இடத்தின் திரவத்தை எடுத்து ஆராய்ந்து, வலியுள்ள முடிச்சில் அமிலத்தன்மையும் வலியைத் தூண்டும் வேதிப்பொருள்களும் கூடியிருப்பதை 2005-இல் வெளியிட்டார்கள். ஆனால் அதில் சோதிக்கப்பட்டவர்கள் ஒன்பது பேர்தான். அதை நீங்கள் சுட்டிக்காட்டுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

என் நிலைப்பாடு எளியது. உள்ளே என்ன நடக்கிறது என்ற வழக்கு முடியும்வரை இந்த மனிதரின் மூன்று மணி வலி காத்திருக்காது. இரண்டு கைவிரல்களால், செலவில்லாமல், அளவோடு அழுத்தினால் கெடுதல் குறைவு. பலன் தற்காலிகமாகவேனும் கிடைக்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் மாற்றம் இல்லை என்றால் நம் கணிப்புத் தவறு என்று கொண்டு வேறு காரணம் தேட வேண்டும். முடிச்சை நம்புகிறவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்தக் கடைசிப் படியில்தான், அழுத்திக்கொண்டே இருப்பார்கள்.

டிராவல் அம்மையாரின் பெயரைச் சொன்னீர்கள். பின்னாளில் அமெரிக்க அதிபரான கென்னடியின் முதுகுவலிக்கு 1955-இலிருந்து வைத்தியம் பார்த்து, 1961-இல் வெள்ளை மாளிகையின் மருத்துவரானவர் அவர். முடிச்சில் ஊசி போடுவதோடு அவர் நின்றுவிடவில்லை. கென்னடியின் ஒரு கால் மற்றதைவிடச் சற்றுக் குட்டை என்று கண்டு செருப்பின் குதியில் திண்டு வைக்கச் சொன்னார்; ஆடும் நாற்காலியில் உட்காரச் சொன்னார். முடிச்சு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று தேடிய அந்தப் பழக்கத்தை, கோட்பாட்டை ஏற்காதவர்களும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே தையற்காரர் ஐயாவிடம் ஒரு கேள்வி: உங்கள் மேசை என்ன உயரம்? விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறது?

கிணற்றடி

இங்கே எல்லாரும் பிடித்துவிடப்படுகிறவரைப் பற்றியே பேசுகிறீர்கள்; பிடித்துவிடுகிறவரைப் பற்றி ஒரு வார்த்தை. மாமியாருக்கு ஆறு மாதம் இரவுதோறும் முதுகு பிடித்துவிட்டதில் என் கட்டைவிரல் அடிமூட்டு வீங்கி, தோசைக் கரண்டியைப் பிடிக்க முடியாமல் போனது. அதன்பிறகு கட்டைவிரலை நிமிர்த்தி அதற்குப் பின்னால் மற்றொரு கையின் விரல்களை முட்டுக்கொடுத்து, கையின் பலத்தால் அல்லாமல் உடம்பைச் சாய்த்து அழுத்தக் கற்றுக்கொண்டேன். முதுகுத்தண்டின் இரு பக்கத்துச் சதைக்கு மடக்கிய விரலின் மொழியே போதும். கெண்டைக்காலுக்குச் சப்பாத்திக் கட்டையை உருட்டலாம். தண்டெலும்பின் மேலும், விலாவுக்குக் கீழே சிறுநீரகம் இருக்கும் இடத்திலும் அழுத்துவதில்லை.

கெண்டைக்கால் என்றதும் நினைவு வருகிறது. என் உறவினர் ஒருவருக்கு அறுவைச் சிகிச்சைக்குப் பின் படுத்தே இருந்ததில் ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தது. பிடித்துவிடக் கிளம்பியவர்களைச் செவிலியர் தடுத்துவிட்டார். உள்ளே இரத்தம் உறைந்திருந்தது. நீவியிருந்தால் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கக்கூடும் என்றார்கள்.

மதுரை இயன்முறை

மிக நல்ல குறிப்பு அம்மா. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களையும், எலும்பு மெலிந்த முதியவர்களையும் மருத்துவரைக் கேட்காமல் அழுத்த வேண்டாம். இடத்தோள், இடக்கை, தாடை வலியோடு வியர்வையும் மூச்சுத்திணறலும் இருந்தால் அது முடிச்சு அன்று. இதயம் என்று எண்ணி ஓட வேண்டும்.

நூல்கண்டு

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். இரத்தப் பரிசோதனை இரண்டும் சரியாக இருந்தன. தாடை வலியோ பார்வை மங்கலோ இல்லை. மருத்துவரும் தோளை அழுத்திப் பார்த்துவிட்டு, பிடித்துவிடுவதில் தடை இல்லை என்றார்.

முடிச்சு நான்காம் நாள்தான் கிடைத்தது. கையைத் தலையணைமேல் கிடத்தச் சொன்னீர்களே, அதைச் செய்ததும் சதை உண்மையாகவே குழைந்துவிட்டது. இரட்டைத் துணிக்குள் பாபின் நூல் சுருண்டுகொண்டால் கண்ணுக்குத் தெரியாது. மேலே விரலை ஓட்டினால் ஒரு நெருடல் தட்டும். அதே நெருடல். மனைவிக்கு அப்படிச் சொன்னதும் புரிந்துவிட்டது. அவரும் காஜா எடுக்கிறவர். இப்போது என்னைவிட விரைவாக அவரே கண்டுபிடிக்கிறார். அழுத்திய முதல் பதினைந்து நொடி நெற்றிப்பொட்டில் குத்தும். நாற்பது நொடியில் தோளில் மட்டும் மந்தமாக நிற்கும். நசுக்கக் கூடாது என்று எழுதியும் ஆசை யாரை விட்டது? முடிச்சு கிடைத்த இரண்டாம் நாள் மேசை விளிம்பில் முட்டுக்கொடுத்து ஓங்கி அழுத்தி, மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியாமல் கிடந்தேன்.

மேசையைப் பற்றிக் கேட்டீர்கள். விளக்கு இடப்பக்கம் தாழ்வாக இருக்கிறது. ஊசி முனையைப் பார்க்க நான் இத்தனை ஆண்டுகளாகத் தலையை வலப்பக்கம் சாய்த்து, வலத்தோளைத் தூக்கியே தைத்திருக்கிறேன். அருகில் உட்காரும் பையன் செல்பேசியில் படம் எடுத்துக் காட்டும்வரை எனக்கே தெரியாது. விளக்கை எந்திரத்தின் தலைமேல் பொருத்தினேன். மேசைக் கால்களுக்கு அடியில் இரண்டு அங்குல மரக்கட்டை வைத்தேன். புதுக் கண்ணாடி இரட்டைப் பார்வைக் கண்ணாடி. அதன் கீழ்ப்பாதி வழியாகப் பார்க்க முகவாயைத் தூக்க வேண்டியிருந்ததால், தையலுக்கென்று கிட்டப் பார்வைக்கு மட்டுமான ஒன்றைத் தனியாக வாங்கிக்கொண்டேன்.

தினமும் வந்த வலி இப்போது வாரத்தில் இரண்டு நாள் வருகிறது. சான்று கேட்ட ஐயா, இதில் எத்தனை பங்கு விரலுக்கு, எத்தனை பங்கு மரக்கட்டைக்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சான்று எங்கே

எனக்கும் முடியாது. அடுத்த அவசர ஆர்டர் வரும் வாரத்தில் மேசையையும் விளக்கையும் அப்படியே வைத்துக்கொண்டு, பிடித்துவிடுவதை மட்டும் நிறுத்திப் பாருங்கள். வலி வந்த நாள்களைக் குறித்து வைத்தால் ஓரளவு தெரியும்.

நூல்கண்டு

மனைவியிடம் சொன்னேன். தாராளமாக நிறுத்திக்கொள்ளலாம், தமக்கும் விரல் மிச்சம் என்றார். ஏற்றுமதி ஆர்டர் ஒன்று அடுத்த மாதம் ஏறுகிறது. குறித்து வைத்து எழுதுகிறேன்.